கோதுமை நுழையாத அடுக்களை

நாத்தனார் டெல்லியிலிருந்து எழுதிய இன்லண்டு கடிதத்தில் நலம் விசாரிப்பு ஒரு வரிதான் இருந்தது. மீதி முழுக்கக் கட்டளை. அம்மாவின் திவசத்துக்கு இந்த வருஷம் குழந்தையோடு வருகிறாளாம். பதினைந்து நாள் இருப்பாளாம். அதற்குள் நாங்கள் வீட்டில் இருக்கிற கோதுமை, மைதா, ரவை, சேமியா, ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட வேண்டுமாம். 'அப்புறப்படுத்தி' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். டப்பாக்களை வெந்நீரில் கழுவ வேண்டும், சல்லடை புதிதாக வாங்க வேண்டும் என்று இன்னும் நாலைந்து. கடைசியில் காகிதம் மடிகிற இடத்தில் இடுக்கி இடுக்கி, "மன்னி, தப்பா நினைச்சுக்காதீங்கோ" என்று எழுதியிருந்தாள்.

நான் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பன்னிரண்டு வருஷமாக வலியசாலைத் தெருவில் அந்த அடுப்படியில் வெந்துகொண்டிருப்பவள் நான். கல்யாணத்துக்கு முன்னால் அதே அடுப்படியில் அப்பளம்கூடச் சுடத் தெரியாமல் திரிந்தவள் அவள். என் கணவர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "குழந்தை விஷயம்டி, கோவிச்சுக்காதே" என்றார். குழந்தை விஷயம் என்று எனக்கும் தெரியும். கோபம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டா வருகிறது?

குழந்தைக்கு எட்டு வயது. ஆறு வயதில் சாப்பிட்டது ஒட்டாமல், ஓயாமல் வயிற்றுப்போக்கும் வீக்கமுமாக, கை கால் குச்சியாகிப் போய், டெல்லியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தபோது சீலியாக் என்று சொன்னார்கள். கோதுமையில் இருக்கிற ஏதோ ஒரு பசை அவள் குடலை உள்ளே புண்ணாக்குகிறது. மருந்து கிடையாது. ஆயுசுக்கும் கோதுமை கூடாது, ஒரு கடுகளவு கூடாது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் இந்த நோயின் பெயரைக் கேட்டவர்கள் ஒருவரும் இல்லை. நான் வேலை பார்க்கிற ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரி, "கோதம்பு கழிச்சால் அசுகமோ?" என்று மலையாளத்தில் வாயைப் பிளந்தாள், கோதுமை சாப்பிட்டால் நோய் வருமா என்று. அவள் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் சோற்றை நிறுத்திச் சப்பாத்தி சாப்பிடச் சொல்லியிருந்தார். கோதுமை என்றால் எல்லோருக்கும் மருந்து மாதிரி. அது ஒரு குழந்தையைக் கொல்லும் என்றால் யார் நம்புவார்கள்?

எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் வேடிக்கை. கோபம்தான் இருந்தது. காலையில் இட்லி, மத்தியானம் சாதம், ராத்திரி சாதம் என்று அரிசியிலேயே விடிந்து அரிசியிலேயே அடைகிற வீடு எங்களுடையது. ஒருபொழுது நாட்களில் ராத்திரி பலகாரத்துக்கு மட்டும் ரவை உப்புமா, கோதுமை தோசை. அதை நிறுத்தினால் தீர்ந்தது. சப்பாத்தி தின்கிற டெல்லியில் வேண்டுமானால் இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டியிருக்கலாம், இங்கே எதற்கு என்று நினைத்தேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், செய்ய ஆரம்பித்தால் நான் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. எங்கள் வீடுகளில் 'பத்து' என்று ஒன்று உண்டு. வெந்த சாதம் பத்து. சாதம் தொட்ட கையால் மோர்ப்பாத்திரத்தையோ ஊறுகாய் ஜாடியையோ தொடக்கூடாது. கையை நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். வந்த புதிதில் இதற்காக மாமியாரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. இப்போது சாதம் நல்ல பிள்ளை, கோதுமைதான் பத்து, அவ்வளவுதானே வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோதுமை இருந்த தகர டின்னைத் தூக்கி மச்சில் போட்டேன். சம்படங்களைப் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீர் விட்டு, வெயிலில் கவிழ்த்தேன். அலமாரித் தட்டுகளில் விரித்திருந்த பழைய பேப்பரை எல்லாம் எடுத்துவிட்டுப் புதுப் பேப்பர் விரித்தேன்.

இட்லி தோசைக்கு ஆட்டுக்கல் இருந்தது. இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் மாவு வேண்டும். அரிசியைக் களைந்து உலர்த்தி மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் ஒருத்தி ரேஷன் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் முடித்ததும் அடுத்தவளின் அரிசியைக் கொட்டினார்கள். முதலில் விழுந்த மாவு பழுப்பாக விழுந்தது, அப்புறம்தான் வெளுத்தது. அத்தனை வருஷம் அந்த மில்லில் அரைத்திருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. என் தூக்கை எடுத்துக்கொண்டு பேசாமல் திரும்பிவிட்டேன். அன்றைக்கு உரலில் நானே இடித்தேன். பழக்கம் விட்டுப் போன வேலை. தோள்பட்டை இரண்டு நாள் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. பயம் முதல்முதலாக எட்டிப் பார்த்தது அந்தப் பழுப்பு மாவைப் பார்த்த நிமிஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அவர்கள் வந்து இறங்கினார்கள். குழந்தையைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கண் மட்டும் பெரிதாக, முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு, கவுனுக்குள் வயிறு மட்டும் உப்பி நின்றது. ஆறு வயசுக் குழந்தையின் உயரம்கூட இல்லை. நெய் விட்டு, பருப்பு விட்டு சாதம் பிசைந்து தட்டை முன்னால் வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "மாமி, நான் இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். அழுகையோ அடமோ இல்லை. ஆபீஸில் கையெழுத்து வாங்க வருகிறவர்கள் கேட்கிற மாதிரி, மரியாதையாக. அந்தப் பதினைந்து நாளும் ஒரு வாய் தண்ணீர் தவிர எதையும் அவள் இதைக் கேட்காமல் தொட்டதில்லை.

"தாராளமா சாப்பிடுடி கண்ணா, இது மாமியாத்து சாதமாக்கும்" என்றேன்.

அவள் அம்மா குறுக்கே வந்துவிட்டாள். "இல்லை மன்னி, அவளுக்கு நான் தனியா பண்ணிடறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று தட்டை எடுத்து நகர்த்தினாள். பெட்டியிலிருந்து புது ஸ்டவ், புதுக் குக்கர், கரண்டி, தட்டு எல்லாம் வெளியே வந்தது. பின்கட்டில் ஒரு மூலையில் தனிச் சமையல் தொடங்கியது. என் வீட்டில், என் கண் முன்னால். உரலில் இடித்த தோள் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. உப்பும் பருப்பும் என்னிடம் வாங்கிக்கொள்வாள். ஒவ்வொன்றையும் தட்டில் பரப்பி, மணி மணியாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள். நான் உள்ளே பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

மூன்றாம் நாள் காலையில் வந்து அடுப்படி வாசலில் நின்றாள். நான் மாவு இடித்ததையும், ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு டப்பா டப்பாவாகக் கழுவியதையும் அவள் அண்ணா சொல்லியிருக்க வேண்டும். "இனிமே ரெண்டு அடுப்பு வேண்டாம் மன்னி. நீங்களே பண்ணிடுங்கோ. எனக்கும் ஒரு பத்து நாள் பயமில்லாம உக்காந்து சாப்பிடணும் போல இருக்கு" என்றாள். இரண்டு வருஷமாக ஒரு வாய் பயமில்லாமல் சாப்பிடாதவள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அன்றைக்கு அவளுக்குப் பிடித்ததாகச் சமைத்தேன். வெண்டைக்காய் சாம்பார், எலுமிச்சை ரசம், உருளைக்கிழங்குப் பொடிமாஸ். என் சமையலில் பெருங்காயம் முன்னால் வந்து நிற்கும். அது தெருவுக்கே தெரியும். பழவங்காடிக் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு திருநெல்வேலிக்காரர் கடையில் கட்டிப் பெருங்காயம் வாங்குவேன், கறுப்பாக, பிசுபிசுவென்று, கையில் எடுத்தால் இரண்டு நாளைக்கு வாசனை போகாது. டெல்லிக்கு யார் போனாலும் நாத்தனாருக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவது வழக்கம். குழந்தைக்கு நோய் என்று தெரிந்ததும் அப்பளம் வேண்டாம், வடாம் வேண்டாம் என்று எழுதிவிட்டாள். பெருங்காயத்தை மட்டும் வேண்டாம் என்று சொன்னதில்லை. "அங்கே கிடைக்கறது மண்ணு மாதிரி இருக்கு மன்னி, உங்க கட்டிதான் காயம்" என்பாள். அன்றும் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்த வாசனைக்காகவே வரலாம்" என்றாள்.

குழந்தை, "மாமி, இன்னும் கொஞ்சம் ரசம் விட்டுக்கலாமா?" என்று கேட்டாள். விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் குழந்தைக்கு வயிறு உப்பியது. கொல்லைப்பக்கம் இரண்டு தடவை ஓடினாள். ரயிலில் வந்த அலுப்பு, தண்ணீர் மாறினது என்று சொல்லிக்கொண்டோம். வயிறு உப்பினால் எங்கள் வீடுகளில் என்ன செய்வோம்? பெருங்காயத்தைப் பொரித்து, பொடித்து, உப்புப் போட்ட மோரில் கரைத்துக் கொடுப்போம். அரை மணியில் வாயு பிரிந்து வயிறு லேசாகிவிடும். என் கணவரும் உள்ளேயிருந்து, "காயம் போட்டு மோர் குடுத்தியோ?" என்று குரல் கொடுத்தார். சின்னத் தம்ளரில் கலக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

"மாமி, நான் இதைக் குடிக்கலாமா?"

"இது மருந்துடி செல்லம். குடிச்சா வலி ஓடிப் போயிடும்."

மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்தாள். சமர்த்து என்று நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

மறுநாள் இன்னும் மோசம். ஓயாத போக்கு. உதடு வறண்டு போயிற்று. வாய் ஓரத்தில் புண். காலையும் மாலையும் மோர் கொடுத்தேன். உள்ளங்கையில் பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினேன். பக்கத்து டாக்டர் வந்து பார்த்து, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், நான்கு நாளில் தேறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். நோயின் பெயரை நாத்தனார் சொன்னதும், "பின்னே அதில் நான் செய்ய ஒன்றுமில்லை, கோதம்பு எங்கேயோ உள்ளே போகுது, அதைக் கண்டுபிடிங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கேயோ உள்ளே போகிறது. அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை, சமைக்க விடவில்லை. ஆபீஸில் கோப்பைத் திறந்தால் அலமாரித் தட்டு தெரிந்தது. எந்த டப்பாவின் மூடியை நான் சரியாகக் கழுவவில்லை? சல்லடை புதிதுதானா, கடைக்காரன் யாரோ திருப்பிக் கொடுத்ததை விற்றுவிட்டானா? வாசலில் பூ கொடுக்க வருகிறவள் காலையில் ரொட்டி தின்ற கையோடு பூவைத் தொட்டிருந்தால்? எதிர்வீட்டிலிருந்து வழக்கம் போல் ஒரு தட்டு பஜ்ஜி வந்தது. வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அந்த மாமி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாமல் போகட்டும் என்று இருந்தது எனக்கு.

நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்; மனசு ஆறியிருக்கும். நான் ஆபீஸிலிருந்து வரும்போதெல்லாம் டப்பாக்கள் இடம் மாறியிருந்தன. அவள் திறந்து பார்த்து, முகர்ந்து பார்த்து, மூடி வைத்திருக்கிறாள். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவில் ஒரு நாள் அலமாரியின் பின்பக்கப் பலகை இடுக்கில் ஒரு கோதுமை மணி கிடைத்தது. ஒரே ஒரு மணி. இதுதான், என் சோம்பேறித்தனம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். உள்ளங்கையில் மூடிக்கொண்டு கொல்லைக்குப் போய் மதிலுக்கு அப்பால் எறிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டேன்.

திவசம் வந்தது. முந்தின நாளிலிருந்தே சமையல் வேறு. தனிப் பாத்திரம், தனி அடுப்பு. மிளகாய் கிடையாது, பெருங்காயம் கிடையாது, கடுகு கிடையாது. மிளகும் சீரகமும்தான் காரம். பயத்தம்பருப்பு, வாழைக்காய், சேனை, பாகல், உளுந்து வடை, அதிரசம், எள்ளுருண்டை. என் கணவருக்கு முந்தின ராத்திரி ஒருபொழுது; பலகாரத்துக்குக் கோதுமை தோசை இல்லாமல் இரண்டு ஏத்தம்பழமும் பாலும் கொடுத்தேன். பசியோடு படுத்த மனுஷர் தங்கையைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத்தான் இரண்டு தடவை பார்த்தார். நான் யாரையும் தொடாமல் மடியாக இருந்ததால் அந்த இரண்டு நாளும் குழந்தைக்கு மோர் மருந்தும் கொடுக்கவில்லை. எனக்கு அதற்கு நேரமும் இல்லை.

திவசத்தன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு குழந்தை இரண்டு அதிரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாயங்காலம் முற்றத்தில் ஒற்றைக் காலில் நொண்டியடித்துக்கொண்டிருந்தாள். கொல்லைப்பக்கம் ஓடவில்லை. வயிறு இறங்கியிருந்தது. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா வந்து பாத்துட்டுப் போயிருக்கா, மன்னி" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் மாமியார் இருந்த காலத்தில் எனக்கு அவரிடம் அவ்வளவு பிரியம் கிடையாது. அன்றைக்குப் படத்துக்கு முன்னால் நின்று அழுதேன்.

அடுத்த நாள் குதூகலம் தாங்காமல் வத்தக்குழம்பும் மிளகு ரசமும் வைத்தேன். இரண்டு நாள் பெருங்காயம் இல்லாத நாக்கு எல்லோருக்கும் செத்துப் போயிருந்தது, தாராளமாகவே போட்டேன். அன்று ராத்திரியே குழந்தைக்கு மறுபடி ஆரம்பித்தது.

விடிந்ததும் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அடுப்பை மூட்டவில்லை. திவசப் பாத்திரங்கள் வெயிலுக்குப் போகக் காத்திருந்தன. அந்த இரண்டு நாள் சமையலில் என்ன இல்லை? மிளகாய் இல்லை. கடுகு இல்லை. துவரம்பருப்பு இல்லை. பெருங்காயம் இல்லை. மிளகாய் செடியில் காய்க்கிறது, துவரை செடியில் காய்க்கிறது, கடுகும் அப்படித்தான். எல்லாவற்றையும் மணி மணியாக நாத்தனார் தள்ளிப் பார்த்தாயிற்று. பெருங்காயம் மட்டும்தான் யாரோ எங்கேயோ கையால் பிசைந்து கட்டியாக்கிக் கடைக்கு அனுப்புகிற பொருள். அதை யாரும் தட்டில் பரப்பிப் பார்க்கவில்லை. பார்த்தால்தான் என்ன தெரியும்? வயிற்றுக்கு மருந்தாயிற்றே அது.

அப்படி இருக்காது என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

கடைக்காரர் அப்போதுதான் பலகை எடுத்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, காயம் அதுக்குள்ள தீந்து போச்சா?" என்றார்.

"இதுல என்னெல்லாம் சேக்கறா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. கலப்படம் என்று சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "நம்ம கடைச் சரக்குல ஒரு குத்தம் சொல்ல முடியாது, கேட்டீங்களா? அசல் காயம்னா அது மரத்துப்பால் மாதிரி ஒரு பிசின். அதை அப்படியே போட்டா குழம்பு கசந்து வாயில வைக்க முடியாது. பிசினும் மைதாவும் கூட்டிப் பிசைஞ்சாத்தான் கட்டி நிக்கும். எல்லாக் காயமும் அப்படித்தான். பின்னே கோதம்பு மாவு இல்லாம காயம் உண்டா?"

"எவ்வளவு மாவு?"

"பாதிக்கு மேல மாவுதான்மா" என்று பெருமையாகவே சொன்னார். "அதனாலதான் பதமா இருக்கு."

திரும்பி நடந்தேன். சாலைக் கம்போளக் கடைவீதியின் சந்தடி காதில் விழவில்லை. எத்தனை தம்ளர் மோர்? எண்ணிப் பார்த்தேன். ஏழு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏழு தடவை குடித்திருக்கிறாள். ஏழு தடவையும் நான் சமர்த்து என்று சொல்லியிருக்கிறேன்.

வலியசாலை வருவதற்குள் நான் ஒரு பொய்யைத் தயார் பண்ணிவிட்டேன். வெட்கக்கேடுதான், ஆனால் பண்ணினேன். யாருக்கும் தெரியாது. இன்று முதல் பெருங்காயம் போடாமல் சமைத்தால் போயிற்று. குழந்தை தேறிவிடும், எல்லாம் மாமியாரின் ஆசீர்வாதம் என்று ஆகிவிடும். டெல்லியில் இருக்கிற பெருங்காய டப்பா? அதற்கும் வழி வைத்திருந்தேன். 'காயம் குழந்தைக்குச் சூடு, போடாதே' என்று ஊருக்குப் போகும்போது சொல்லி அனுப்பலாம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டு வருஷமாக அந்த விஷத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பியவள் நான் என்று மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம்.

வாசல்படி ஏறும்போதே உள்ளே சத்தம் கேட்டது. நாத்தனாரின் குரல், நான் கேட்டறியாத குரல்.

"சொல்லு, என்ன தின்னே? யார் குடுத்தா? எதிராத்துல போய் பிஸ்கட் தின்னியா?"

"நான் ஒண்ணுமே தின்னலைம்மா."

"பொய் சொல்லாதே. தின்னாமே எப்படி வரும்? டாக்டர் மாமா கேக்கறாரே, எங்கேயோ போறதுங்கறாரே. என்ன திருடித் தின்னே?"

குழந்தை சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. அழுகையில்லை. "நான் கேட்டுட்டுத்தான் சாப்பிட்டேன். எல்லாமே மாமிகிட்ட கேட்டுட்டுத்தான் சாப்பிட்டேன்" என்றாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன்.

"அவளை விடு" என்றேன். "அவ ஒண்ணும் பண்ணலை. நான்தான்."

நின்றபடியே சொன்னேன். கடைக்காரர் சொன்னதை, மோரை, ரசத்தை, தொப்புளில் தடவினதை. அலமாரி இடுக்கில் கிடைத்த கோதுமை மணியைக்கூடச் சொன்னேன். டெல்லிக்கு அனுப்பின பொட்டலங்களை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாத்தனார் தானாகவே அங்கே வந்து சேர்ந்துவிட்டாள். முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. கீழே உட்கார்ந்துவிட்டாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"ரெண்டு வருஷமா டாக்டர் என்னைத்தான் கேக்கறார், மன்னி" என்றாள். "குழந்தை ஏன் முழுக்கத் தேறலை, நீங்க ஏதோ ஒளிச்சுக் குடுக்கறேள்னு. என் ஆத்துக்காரருக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. கடைசில எனக்கே வந்துடுத்து, நான்தான் தூக்கக் கலக்கத்துல எதையாவது மாத்திப் போடறேனோன்னு. உப்பைக்கூட சலிச்சுப் போடுவேன். அரிசியை ஒவ்வொண்ணா பொறுக்குவேன். நீங்க அனுப்பின காயம் ஒண்ணுதான் நான் பயமில்லாம போட்டது. நம்மாத்துலேர்ந்து வந்ததாச்சேன்னு."

குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அடித்த கன்னத்தில் கையை வைத்து மூடிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைத் தொடவும் இல்லை, நகர்ந்து போகவும் இல்லை.

பதினொரு மணிக்கு மேல்தான் அடுப்பு மூட்டினேன். பெருங்காயப் பிசுக்கு ஏறியிருந்த அஞ்சறைப் பெட்டியையும் பழைய கரண்டியையும் கொல்லையில் போட்டுவிட்டு, திவசப் பாத்திரத்திலேயே சாதமும் ஒரு ரசமும் வைத்தேன். புளி, உப்பு, மிளகு, சீரகம், கறிவேப்பிலை. நாத்தனார் பக்கத்திலேயே நின்றாள். நெய்யை அவள்தான் காய்ச்சினாள்.

தட்டில் சாதம் போட்டு, ரசம் விட்டு, குழந்தைக்கு முன்னால் வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமி, நான் இதைச் சாப்பிடலாமா?"

தாராளமா என்ற சொல் வாயில் வரவில்லை. நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். புளி கடையில் வாங்கினது. உப்பு கடையில் வாங்கினது. மிளகு நானே காய வைத்தது. சீரகம் முறத்தில் புடைத்தது. கறிவேப்பிலை கொல்லையில் பறித்தது. தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். நெய் வீட்டு வெண்ணெய். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். குழந்தை காத்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் காத்திருந்து பழக்கம்.

"சாப்பிடுடி கண்ணா" என்று நான் சொல்லும்போது ரசம் ஆறிப்போயிருந்தது.